வடக்கு ஜன்னல்

பள்ளிக்கூடத்தை மூடியபோது ஏலத்தில் எடுத்த லேத்.
முந்நூற்றிருபது கிலோ.
இறக்கிவைத்த நால்வருக்கும் காபி ஊற்றிக்கொண்டே
உர்ப்போ கேட்டது ஒன்றுதான்:
"இதில் என்ன கடையப் போகிறாய், ரைலி?"
பதில் தெரிந்தால் சொல்லியிருப்பேன்.

மே முடிவில்
பனி தள்ளும் வண்டியின் சாவியை
நகராட்சியில் கொடுத்துவிட்டுக் கொட்டகைக்குள் போனேன்.
முதல் வாரம் முழுக்க அழுக்கு.
முப்பது வருடத்துப் பையன்கள் விட்டுப்போன எண்ணெய்
பாகாகி, பிசினாகி,
மூலைகளில் ஓடு கட்டிக் கிடந்தது.
மண்ணெண்ணெயில் தோய்த்த பல் பிரஷ்,
பிர்ச் விறகில் சீவிய சிம்பு.
சுரண்டச் சுரண்டப் பச்சைக்கு அடியில் சாம்பல் பெயிண்ட்.
சாம்பலில்
ஆணியால் கீறிய ஒரு கெட்ட வார்த்தை,
எழுத்துப்பிழையோடு.
அதைச் சுற்றித் துடைத்தேன்.

சக்கின் தாடைகளுக்குப் பின்னே
நீலம் பாரித்த இரும்புச் சுருள்கள்,
ஒரு சூயிங்கம்,
செல்லாத ஐந்து பென்னி.

குறுக்கு ஸ்லைடுக்குப் பிடிமானமே இல்லை.
கைப்பிடியைத் திருப்பினால்
கால் சுற்றுவரை ஒன்றும் நடக்காது,
பிறகு திடீரென்று தாவும்.
கிப் பட்டைக்கு நான்கு திருகுகள்.
இறுக்கினால் முரண்டு, தளர்த்தினால் ஆட்டம்.
ஒன்றைத் தொட்டால் மற்ற மூன்றும் கோபித்துக்கொள்ளும்.
மூன்று மாலை.
பிறகு ஒரு திருப்பலில்
ஈரப் பனிக்குள் தகடு இறங்கும்போது
ஸ்டியரிங்கில் உணர்வேனே, அந்த எதிர்ப்பு:
கனமாக, ஒரே சீராக.
கையை எடுத்துவிட்டுக்
கொஞ்ச நேரம் கொசு அடித்தேன்.

ஜூன் நடுவில் முதல் வெட்டு.
ஓரடித் தண்டின் இரு முனையிலும்
மெல்ல ஒரு சீவல். மைக்ரோமீட்டர்.
இந்த முனைக்கும் அந்த முனைக்கும்
மூன்று நூற்றில் ஒரு பங்கு வித்தியாசம்.
நூறில் மூன்று மில்லிமீட்டர்,
முடியைவிட மெல்லியது, ஆனால் பொய் பொய்தான்.
வெய்க்கோவுக்குப் போன் செய்தேன்.
"பெட் முறுக்கியிருக்கும். காலுக்கு அடியில் தகடு வை."
காபிப் பொட்டலத்து வெள்ளிக் காகிதத்தை
மடித்து வைத்தேன். சரியாயிற்று.
மறுநாள் மத்தியானம் அளந்தால்
அதே மூன்று, எதிர்ப்பக்கம்.
எடுத்தேன். சரி.
நள்ளிரவில் மறுபடி தப்பு.
வைத்தேன். எடுத்தேன்.
"வீட்டில் ஏதாவது சண்டையா?" என்றான் வெய்க்கோ.

ஒரு மணிக்கு,
இங்கே அது இரவு என்பது கடிகாரத்துக்கு மட்டும் தெரியும்,
ஸ்டூலில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
பெட்டின் பின்பக்கம் பளபளத்தது.
தொட்டேன். வெதுவெதுப்பு.
முன்பக்கம் தொட்டேன். சில்லிப்பு.

கொட்டகையில் ஒரே ஜன்னல், வடக்கே.
கட்டியவன் யோசித்துத்தான் வைத்திருப்பான்:
வடக்கிலிருந்து வெயில் வராது.
வருடத்தில் இந்த ஆறு வாரம் தவிர,
சூரியன் தூங்கப் போகாமல்
ஊரைச் சுற்றி வந்து
எல்லாரும் படுத்த பிறகு
பின்வாசல் வழியாக எட்டிப்பார்க்கும் நாட்கள்.

வார்ப்பிரும்பு என்ன செய்யும்,
சூடுபட்ட பக்கம் நீளும்.
முதுகில் வெயில் விழுந்தால் நானும் நெளிவேன்.

காபிக் காகிதத்தைக் குப்பையில் போட்டேன்.
வீட்டுக்குள் போய்
படுக்கையறைக் கருப்புத் திரையைக் கழற்றிக்கொண்டு வந்து
ஜன்னலில் எட்டு ஆணி.
கொட்டகை இருண்டது.
ஏப்ரலுக்குப் பிறகு நான் பார்த்த முதல் இருட்டு.
அவசரப்படாமல் ஒரு காபி,
இன்னொரு காபி.
பிறகு கைவிளக்கு, ஒரு சீவல்,
இந்த முனை, அந்த முனை.
ஒன்றேதான்.
நம்பாமல் மறுபடி அளந்தேன். ஒன்றேதான்.

வீட்டுக்குள்
முகத்தில் முழு வெயிலோடு
தலையணையைக் கட்டிக்கொண்டு
உர்ப்போ கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.
"மணி இரண்டரை," என்றார்.
"தெரியும்."
"அது தூங்குகிறதா?"
"நன்றாக."
வெகுநேரம் ஜன்னலையே பார்த்தார்.
"இப்போதாவது சொல், அதில் என்ன கடைவாய்?"

"திரைக்கம்பி," என்றேன்.
துணிக்கு இன்னும் வழி தெரியவில்லை.